ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மனைப்பிரிவு: உத்திரமேரூர் வட்டத்திலிருந்து ஒரு மதிப்புரை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில், ஏறத்தாழ 11 ஏக்கர் விளைநிலத்தை 160-க்குச் சற்று மேற்பட்ட வீட்டு மனைகளாகப் பிரித்து விற்கத் திட்டமிட்டு, அனுமதி கைக்கு வருவதற்கு முன்பே முன்பணம் வாங்கத் தொடங்கியிருக்கும் ஒரு மனைப்பிரிவைப் பற்றியது இம்மதிப்புரை. நிறுவனத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்பது ஒரு காரணம், இதே வரைபடத்தை இதே குறைகளுடன் வேறு பெயரில் பல ஊர்களில் காணலாம் என்பது இன்னொரு காரணம். மனை வாங்கும் எண்ணத்துடன் போனவன் என்ற முறையில், விற்பவர் காட்டியதையும் ஊரார் காட்டியதையும் சேர்த்தே இங்கு எடைபோடுகிறேன். ஊராரின் ஆட்சேபங்களை விற்பனையாளர்கள் பொறாமை என்றும் அரசியல் என்றும் ஒதுக்குகிறார்கள். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒன்றைத் தவிர அவை அனைத்தும் நாளை அங்கு வீடு கட்டுபவரின் தலையில் விழப்போகும் குறைகளாகவே இருந்தன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து வேன் வசதியும் மதிய உணவும் குறையின்றி இருந்தன. அழைத்துச் சென்ற ஊழியர்கள் நெருக்கடி தராமல் மரியாதையாகப் பேசினார்கள். பேருந்துத் தடம் நடக்கும் தொலைவில் இருக்கிறது. மனைக்கற்கள் ஒழுங்காக நடப்பட்டு, உள்சாலைகள் கயிறு பிடித்ததுபோல் நேராக அளக்கப்பட்டுள்ளன. விலை சதுர அடிக்கு 900 ரூபாய். சிற்றேட்டில் பரந்தூர் விமான நிலையம் முதல் பக்கத்திலேயே பறக்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபைகளில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டுவருவதைச் சிற்றேடு சொல்லாததில் வியப்பில்லை. விமான நிலையத்தின் பெயரால் விலை ஏறும் மனையை வாங்குபவர், அந்த விலையில் ஒரு பகுதி இன்னும் கட்டப்படாத ஒன்றுக்காகத் தரப்படுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

ஆவணங்களுக்கு வருவோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டுக்கு மேற்பட்ட மனைகளைக் கொண்ட திட்டம் எதுவாயினும், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் (ரெரா) சட்டப்படி, தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவுசெய்த பிறகே விளம்பரம் செய்யவும் முன்பதிவு வாங்கவும் வேண்டும். இங்கு ரெரா எண் என்ன என்று கேட்டதற்கு, எண் வந்துகொண்டிருக்கிறது, வந்தால் விலை ஏறிவிடும், அதற்குள் ஒரு டோக்கன் போட்டுவிடுங்கள் என்பதே விடை. சலுகையாகச் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்திலேயே விதிமீறல் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. பதிவுபெற்ற திட்டத்தில் வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் அந்தத் திட்டத்தின் வேலைக்கும் மட்டுமே செலவிட வேண்டும். பதிவுசெய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. டோக்கன் என்ற பெயரில் இன்று கைமாறும் தொகைக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டில் இதற்கொரு பழைய வரலாறு உண்டு. ஊராட்சித் தலைவரின் கையொப்பத்தை மட்டும் காட்டி, பஞ்சாயத்து அப்ரூவல் என்று கூவி விற்கப்பட்ட மனைகள் ஆயிரக்கணக்கில் பெருகியபின், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. அத்தகைய மனைகளின் பத்திரத்தைப் பதிவுசெய்ய மறுக்கச் சொல்லும், பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அதனால் இன்று நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியில்லாத மனையைப் பதிவுசெய்வது கடினம் என்பது உண்மை. ஆனால் இந்த அனுமதி வந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை அதைவிடப் பெரிய தவறு. உள்சாலையின் அகலம், பூங்காவின் பரப்பு, மனையின் அளவு ஆகியவற்றை அந்த அனுமதி உறுதி செய்யும். எல்லைக்கு வெளியே நூறு அடி தள்ளி இருக்கும் வயலுக்கு என்ன ஆகும் என்பது வரைபடத்தில் தெரியாது. ஊராரின் ஆட்சேபம் தொடங்கும் இடம் அதுதான்.

நிலம் இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது. மேலுள்ள ஏரி நிரம்பிக் கலங்கலில் வழியும் நீர், ஒரு போக்குக் கால்வாய் வழியாக இறங்கி, கீழுள்ள ஏரிக்கு வரத்துக் கால்வாயாகச் சேருகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஏரிகள் பெரும்பாலும் இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்கப்பட்டவைதாம். நடுவில் ஓரிடத்தில் அடைத்தால், மேலே வெள்ளம், கீழே வறட்சி. பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக மட்டுமே நாம் மேற்கோள் காட்டுகிறோம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை இந்த மனைப்பிரிவின் வரைபடத்தை வைத்துக்கொண்டு படித்தால் அதன் பொருள் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

விற்பனை வரைபடத்தில் அந்தக் கால்வாய் மெல்லிய நீலக்கோடாக, மூன்று அடி அகலக் கான்கிரீட் வடிகாலாகக் காட்டப்பட்டுள்ளது. அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டிலும் (ஊரின் நிலப் பதிவேடு) அது வாய்க்கால் புறம்போக்கு. அகலம் அதைப் போலப் பல மடங்கு. இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியபோது, ஆண்டு முழுதும் அதில் தண்ணீர் வருவதில்லை என்று ஊழியர் சொன்னார். அது உண்மைதான். வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்கள் மட்டுமே வரும். ஏரி நிரம்புவதும் அந்தச் சில வாரங்களில்தான். மதகு பார்க்கும் பெரியவர் ஒருவர், “ஐப்பசி கார்த்திகையில வந்து நின்னு பாருங்க சார், அப்புறம் எந்த மனை வேணும்னு நீங்களே சொல்லுவீங்க” என்றார். மனை வாங்கப் போகிறவர்களுக்கு நான் கேட்டவற்றுள் பயனுள்ள அறிவுரை அது. வேன் சவாரிகள் பெரும்பாலும் கோடையில்தான் களைகட்டுகின்றன.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பதிவேட்டில் இருக்கும் பெரிய கால்வாயைத் தவிர, பட்டா நிலங்களின் ஊடே வரப்போரமாக ஓடும் சிறு வாய்க்கால்கள், ஒரு வயலின் வடிநீர் இன்னொரு வயலுக்குப் போகும் மடைகள் ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் தனி எண் பெற்றவையல்ல. தலைமுறைகளாக வழக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். 11 ஏக்கரையும் ஒரே நிறுவனம் வாங்கியபின் வரப்புகள் மறைந்தன. வரப்போடு அந்த வாய்க்கால்களும் மறைந்தன. அடுத்து, மனைகளைக் கிராவல் கொட்டி இரண்டு மூன்று அடி உயர்த்துவார்கள். நீர்நிலைக்கு அருகிலுள்ள மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறை தடையின்மைச் சான்று வழங்கும்போது, வெள்ளம் புகாதபடி தளமட்டத்தை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். மனை உயர்ந்தால் மனையின்மேல் விழுந்த நீரும் மேலிருந்து வந்த நீரும் பக்கத்து வயலுக்குத்தான் போகும். சம்பா பயிர் தண்டு பிடிக்கும் பருவத்தில் பத்து நாள் நீர் நின்றால் அறுவடைக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பக்கத்து வயல்காரர்கள் அஞ்சுவதில் மிகை இல்லை. இங்கே வாங்குபவரும் கவனிக்க வேண்டியது, உயர்த்தப்படுவது உள்சாலைகளும் சாலையோர மனைகளும் மட்டுமே என்பதை. கால்வாயை ஒட்டிய கடைசி வரிசை மனைகள் விலை சற்றுக் குறைவாகக் கிடைப்பதற்கு வாஸ்து காரணமல்ல.

2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னைப் புறநகரில் அடையாற்றை ஒட்டியுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, அங்கு முழங்காலுக்கு மேல் நீரில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆவணங்கள் சரியாக இருக்கின்றன என்று நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டிய நடுத்தரக் குடும்பத்தினர். உத்திரமேரூர் வட்டம் அடையாற்றின் கரையில் இல்லை, இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். வயல்களாக இருந்தபோது தாங்கிக்கொண்ட நீரை, மனைகளானபின் அந்த நிலம் தாங்காது என்ற அளவில் மட்டும் ஒப்புமை பொருந்தும்.

பூங்கா பற்றி ஒரு சொல். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். இங்கே அது ஏறக்குறைய 80 சென்ட் வரும். சிற்றேட்டில் ஊஞ்சலும் சறுக்குமரமும் வரையப்பட்டிருக்கும் அந்த 80 சென்ட், தரையில் போய்ப் பார்த்தால், கால்வாய் திரும்பும் முனையில் எல்லாவற்றிலும் தாழ்ந்த மூலையாக இருக்கிறது. விற்க முடியாத இடத்தைப் பூங்காவாக்குவது இத்தொழிலில் வழக்கமான கணக்கு. விதிப்படி அதில் பிழை காண்பது கடினம். மழைக்காலத்தில் நீர் தேங்க ஓர் இடமாவது மிஞ்சுமே என்று நான் ஆறுதல் கொண்டாலும், குழந்தைகள் விளையாடும் இடம் என்று அதைக் காட்டி விற்பது நேர்மையாகத் தெரியவில்லை.

நிலத்தின் வடக்கு எல்லையை ஒட்டி ஒரு வண்டிப்பாதை போகிறது. அது புலப்படத்தில் இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து, விற்கப்பட்ட வயல்களின் ஊடாகக் காலனி மக்கள் சுடுகாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை புலப்படத்தில் இல்லை. வயல்காரர்கள் தனித்தனியாக இருந்த காலத்தில், அறுவடைக்குப் பின் வயல் வழியாகவும், பயிர் நிற்கும்போது வரப்பு வழியாகவும் பாடை போய்க்கொண்டிருந்தது. அதிலும் சச்சரவு இல்லாமல் இருந்ததில்லை. இப்போது அந்த இடத்தில் சுற்றுச்சுவர் வரவிருக்கிறது. நுழைவு வளைவு, காவலாளி, 24 மணி நேரக் கண்காணிப்புக் கேமரா என்று சிற்றேடு பெருமையாகச் சொல்லும் ஒவ்வொன்றும் இம்மக்களுக்கு ஒரு தடை. மாற்றுப் பாதை தருவதாக நிறுவனத்தார் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். வரைபடத்தில் அது இல்லை. மனைப்பிரிவின் சாலைகள் தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்குச் சேர்ந்த பிறகு அவை பொதுச் சாலைகள் என்பதையும், அவற்றை வாயிற்கதவு போட்டுப் பூட்டும் உரிமை எவருக்கும் இல்லை என்பதையும் வாங்குபவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. பாதுகாக்கப்பட்ட வளாகம் என்று விற்கப்படுவதை நம்பி வாங்கி, பிறகு இறுதி ஊர்வலத்தை மறிக்கும் நிலைக்கு ஆளாவது எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாத வம்பு.

குடிநீர்க் கணக்கை ஊராரே போட்டு வைத்திருக்கிறார்கள். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளளவு கொண்டது. ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்திருக்கிறது. 160 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 35,200 லிட்டர் கூடுதலாக வேண்டும். அதாவது இருக்கும் தொட்டியைப் போல இன்னொன்றும் போதாது. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்பது விற்பனையாளரின் விடை. 1,200 சதுர அடி மனையில் ஒரு மூலையில் ஆழ்துளைக் கிணறும் மறுமூலையில் கழிவுநீர்த் தொட்டியும் அமைந்தால் இடையில் எத்தனை அடி இருக்கும் என்பதைப் பக்கத்து மனையின் தொட்டியையும் சேர்த்து வரைந்து பார்க்க வேண்டும். பாதாளச் சாக்கடை ஊராட்சிப் பகுதியில் கிடையாது. ஊருணிக்கு அருகிலுள்ள பழைய கிணற்றை நம்பியிருக்கும் தெருக்காரர்களின் அச்சமும் புது மனைக்காரரின் குடிநீரும் ஒரே நிலத்தடியில்தான் இருக்கின்றன.

சாலை நெரிசல் பற்றிய புகாரை மட்டும் நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. 160 மனைகளும் வீடுகளாகி, எல்லா வீட்டிலும் கார் வந்தால் அல்லவா நெரிசல்? இத்தகைய மனைப்பிரிவுகளில் மனை வாங்குவோரில் பெரும்பாலோர் முதலீட்டுக்காக வாங்குகிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்தும் நாலைந்து வீடுகள் மட்டும் நிற்கும் மனைப்பிரிவுகளை உத்திரமேரூர், மதுராந்தகம் சாலைகளில் வரிசையாகப் பார்க்கலாம். வயலும் இல்லை, ஊரும் இல்லை. மனைக்கற்களைச் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும். ஊராட்சிக்கு அங்கு வீட்டு வரி வருவதில்லை, ஆனால் தானமாகப் பெற்ற சாலைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பு ஏற்க வேண்டியிருக்கிறது. அங்கு வாழப் போகும் முதல் சில குடும்பங்களுக்கு, இரவில் ஆளரவமற்ற தெருவும் பாம்பும்தான் அண்டை அயலார்.

நிலத்தை விற்றவர்களைக் குற்றம் சொல்லும் தொனி ஊரில் சிலரிடம் இருக்கிறது; அதில் எனக்கு உடன்பாடில்லை. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, நெல் விலை கட்டவில்லை, பிள்ளைகள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள் என்ற நிலையில், ஏக்கருக்கு நல்ல விலை வந்தபோது விற்றது அவர்கள் உரிமை. விற்ற பணம் நில உடைமையாளர்களுக்குப் போனது; அந்த வயல்களில் கூலிக்கு நடவும் களையெடுப்பும் செய்த பெண்களுக்கு வேலை மட்டும் போனது. மனைப்பிரிவை எதிர்த்து ஊரார் எழுதியிருக்கும் மனுவில் இந்தக் கணக்கை யாரும் சேர்க்கவில்லை. மனுவில் இருப்பதெல்லாம் கால்வாய், பாதை, குடிநீர். அலுவலர்கள் ஏற்கக்கூடிய காரணங்களை மட்டும் எழுதச் சொல்லி யாரோ அறிவுரை கூறியிருக்கிறார்கள் போலும்.

அந்த மனு எங்கே போய்ச் சேரும் என்பதும் தெளிவாக இல்லை. தமிழ்நாட்டில் தனியொரு மனைப்பிரிவுக்காக ஊராரைக் கூட்டிப் பொது விசாரணை நடத்தும் நடைமுறை கிடையாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நிலப்பரப்பை வைத்துப் பார்த்தால், 50 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 124 ஏக்கர் முதலான பெரும் குடியிருப்புத் திட்டங்களையே கணக்கில் கொள்கிறது. 11 ஏக்கர் அதன் கண்ணில் படாது. ஒரே ஏரித்தொடரில் 11 ஏக்கராகப் பத்து மனைப்பிரிவுகள் வந்தாலும் படாது. விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும்போது வேளாண்மைத் துறையின் கருத்தும், நஞ்சையாயின் மாவட்ட ஆட்சியரின் இசைவும் கேட்கப்படுகின்றன. ஊராரின் கருத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. எஞ்சியிருப்பது கிராம சபை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் தீர்மானம் போடலாம். அது அனுமதி வழங்கும் அலுவலரைக் கட்டுப்படுத்துவதாக நடைமுறையில் யாரும் கருதுவதில்லை. ஆயினும் வாய்க்காலும் வண்டிப்பாதையும் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும் இடத்தில் ஊராருக்கு வலுவான பிடி இருக்கிறது: ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பும், தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கும். அப்படியொரு வழக்கு தொடுக்கப்பட்டால், அதன் முடிவு வரும்வரை மனையை விற்கவோ வீட்டுக்கடன் வாங்கவோ முடியாமல் தவிக்கப் போவது, கிரயத்தை முடித்துவிட்டு நிறுவனத்தார் அடுத்த ஊருக்குப் போனபின் பட்டாவை வைத்துக்கொண்டிருப்பவர்தான்.

பணத்தைப் பற்றி ஒன்று மீதியிருக்கிறது. பதிவு இலவசம் என்று சிற்றேடு சொல்கிறது. 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் அரசின் வழிகாட்டி மதிப்பின்மீது கணக்கிட்டுத் தரப்படுமாம். விற்பனை விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் இடையிலுள்ள பெருந்தொகையைப் பத்திரத்தில் காட்டாமல் கொடுக்க வேண்டுமாம். வாங்குபவருக்கு லாபம்போலத் தெரியும் இந்த ஏற்பாட்டில், பின்னாளில் திட்டம் முடங்கி ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவின்கீழ் வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, கையில் சான்றாக இருப்பது பத்திரத்திலுள்ள சிறிய தொகை மட்டுமே.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: இப்போதைய நிலையில் ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் இடத்துக்காகவும் ஊழியர்களின் பண்புக்காகவும். வரத்துக் கால்வாயைப் புலப்படத்திலுள்ள முழு அகலத்துக்கும் விட்டுவிட்டு, அதையொட்டிய கடைசி வரிசை மனைகளைக் கைவிட்டு, சுடுகாட்டுப் பாதையைச் சாலையாக வரைபடத்திலேயே காட்டி, பொது மேல்நிலைத் தொட்டி ஒன்றையும் சேர்த்து, திருத்திய வரைபடத்துக்கு ரெரா எண் வாங்கிவந்தால், நானே மனை பார்க்க மறுபடியும் போவேன். அப்படிச் செய்தால் பதினைந்து இருபது மனைகள் குறையும், மீதி மனைகளுக்குச் சதுர அடிக்கு நூறு ரூபாய் கூடுதலாகலாம். அந்த விலையைக் கொடுக்கலாம். அதுவரை டோக்கன் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதில் மனை எண், தேதி, நிறுவனத்தின் முத்திரை மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து, திருப்பித் தரும் காலக்கெடுவை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது, தொகையைத் திருப்பித் தருவதில்லை, வேறு ஊரிலுள்ள தங்கள் இன்னொரு மனைப்பிரிவுக்கு மாற்றித் தருவோம் என்றார்கள்.